முப்பது நாளில் ஒரு கையெழுத்து: என்.பி.எஸ்.ஸா, யு.பி.எஸ்.ஸா?

கேள்வி: வயது 26. தபால் துறையில் போஸ்டல் அசிஸ்டென்டாகச் சேர்ந்து மூன்று வாரம் ஆகிறது. என்.பி.எஸ். (தேசிய ஓய்வூதியத் திட்டம்), யு.பி.எஸ். (ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டம்) இரண்டில் எது வேண்டும் என்று முப்பது நாளுக்குள் எழுதித் தர வேண்டுமாம். பழைய பென்ஷன் வாங்கும் அப்பா, கண்ணை மூடிக்கொண்டு யு.பி.எஸ். எடு என்கிறார். கூடச் சேர்ந்த நண்பன், அது ஏமாற்று, பங்குச் சந்தைப் பக்கம் போனால் கோடிக்கணக்கில் சேரும் என்கிறான். கல்யாணம் ஆகவில்லை. குரூப் ஒன்னுக்கும் படித்துக்கொண்டிருக்கிறேன். எதை எடுக்க?

பதில்:

தம்பி, குரூப் ஒன்னுக்குப் படிக்கிறேன் என்று கடைசியில் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். எனக்கு அதுதான் முதல் விஷயம். அப்பாவும் நண்பனும் சண்டை போடுவது, நீங்கள் 60 வயதுவரை இதே மத்திய அரசு வேலையில் இருப்பீர்கள் என்று வைத்துக்கொண்டு. அது உறுதி இல்லையென்றால் கணக்கே வேறு. அதற்குப் பிறகு வருகிறேன்.

நான் மத்திய அரசு அலுவலகம் ஒன்றின் கணக்குப் பிரிவில் பதினெட்டு வருடமாக இருக்கிறேன். 2025-ல் யு.பி.எஸ். வந்தபோது, என்.பி.எஸ்.ஸிலிருந்து அதற்கு மாற ஜூன் 30 கடைசி நாள் என்றார்கள், பிறகு செப்டம்பர் 30, பிறகு நவம்பர் 30. அந்த எட்டு மாதமும் என் மேசைக்கு வராத ஆள் இல்லை. சுமார் 23 லட்சம் ஊழியர்களில் ஒரு லட்சத்துச் சொச்சம் பேர்தான் மாறினார்கள். மாறாதவர்கள் எல்லோரும் கணக்குப் போட்டுப் பார்த்து மாறாமல் இருந்தார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். பாதிப் பேர் ஓ.பி.எஸ். திரும்பி வரும் என்று காத்திருந்தவர்கள். அரசியல்வாதியைச் சொல்லவில்லை, பழைய பென்ஷனைச் சொல்கிறேன்.

முதலில் இரண்டும் என்ன என்று சுருக்கமாக. உங்கள் பேசிக் 25,500. டி.ஏ. (அகவிலைப்படி) 58 சதவீதம் என்று வைத்தால் இரண்டும் சேர்ந்து 40,290 ரூபாய். எந்தத் திட்டமானாலும் உங்கள் சம்பளத்தில் பத்து சதவீதம், அதாவது 4,029 ரூபாய் பிடிப்பார்கள். என்.பி.எஸ். என்றால் அரசு அதற்கு மேல் 14 சதவீதம், ஏறக்குறைய 5,640 ரூபாய், உங்கள் கணக்கில் போடும். யு.பி.எஸ். என்றால் உங்கள் கணக்கில் அரசு போடுவது பத்து சதவீதம்தான். கூடவே 8.5 சதவீதத்தை எல்லோருக்கும் பொதுவான ஒரு தொகுப்பில் போட்டு வைக்கும். அந்த 8.5 உங்கள் பெயரில் இல்லை. நண்பன் ஏமாற்று என்று சொல்வது இதைத்தான். ஆனால் அந்தப் பொதுத் தொகுப்புதான் யு.பி.எஸ்.ஸின் வாக்குறுதிக்கு முட்டுக்கொடுக்கிற தூண். அதைக் கழித்துவிட்டு மீதியை மட்டும் ஒப்பிட்டால் கணக்கு தப்பாகத்தான் வரும்.

வாக்குறுதி இதுதான். 25 வருடம் பணி முடித்து ஓய்வு பெற்றால், கடைசி 12 மாத சராசரி பேசிக்கில் பாதி மாதாமாதம் வரும். அதன்மேல் அகவிலை நிவாரணம், அதாவது ஓய்வு பெற்றவர்களுக்கான டி.ஏ. உங்களுக்குப் பின் மனைவிக்கு அதில் 60 சதவீதம். பத்து வருடத்துக்குக் குறையாமல் 25-க்குள் என்றால் அந்த விகிதத்தில் குறையும், ஆனால் மாதம் 10,000-க்குக் கீழே போகாது. இது போக, முடித்த ஒவ்வொரு ஆறு மாதத்துக்கும் ஒரு மாதச் சம்பளத்தில் (பேசிக்கும் டி.ஏ.வும் சேர்த்து) பத்தில் ஒரு பங்கு என்று ஒரு மொத்தத் தொகை உண்டு. அதை வாங்குவதால் மாதத் தொகை குறையாது.

என்.பி.எஸ்.ஸில் வாக்குறுதி ஏதும் கிடையாது. சேர்ந்தது எவ்வளவோ அவ்வளவு. 60 வயதில் அதிகபட்சம் 60 சதவீதத்தை வரியில்லாமல் கையில் வாங்கலாம். குறைந்தது 40 சதவீதத்துக்கு ஆன்யுட்டி வாங்க வேண்டும், அதாவது காப்பீட்டு நிறுவனத்திடம் பணத்தைக் கொடுத்து மாதத் தொகை வாங்க வேண்டும். அந்தத் தொகை முதல் மாதம் எவ்வளவோ இருபது வருடம் கழித்தும் பெரும்பாலும் அவ்வளவுதான். ஆனால் போட்ட முதல், சரியான வகையைத் தேர்ந்தெடுத்திருந்தால், உங்களுக்கும் மனைவிக்கும் பிறகு பிள்ளைகளுக்குத் திரும்பி வரும்.

கிராஜுவிட்டி இரண்டிலும் உண்டு. 2025 ஜூனில் யு.பி.எஸ்.காரர்களுக்கும் அது உறுதியாகிவிட்டது. பணியில் இருக்கும்போதே இறந்துபோனாலோ ஊனமாகி வெளியேறினாலோ பழைய பென்ஷன் முறையிலான பலனைக் கேட்கும் வாய்ப்பும் இரண்டிலும் உண்டு. ஆகவே இவற்றை வைத்து ஒன்று மேல், மற்றது கீழ் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

சரி, கணக்குக்கு வருவோம். இன்னும் 34 வருடம் கழித்து வரப்போகும் பணத்தை ரூபாயில் போட்டால் எந்த எண்ணும் பிரமாண்டமாகத்தான் தெரியும். நண்பன் சொல்லும் கோடிகள் அப்படி வந்தவை. அந்தக் காலத்தில் ஒரு கோடிக்கு என்ன வாங்கலாம் என்பது அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அதனால் நான் எப்போதும் 'கடைசிச் சம்பளத்தைப்போல் எத்தனை மாதச் சம்பளம்' என்றுதான் போட்டுப் பார்ப்பேன்.

என்.பி.எஸ்.ஸில் மாதம் 24 சதவீதம் சேர்கிறது. உங்களுக்கு 34 வருடம், 408 மாதம். சேர்ந்த பணம் வளரும் வேகமும் உங்கள் சம்பளம் வளரும் வேகமும் ஒன்றாக இருந்தால், கடைசியில் கையில் இருப்பது 408-ல் 24 சதவீதம், அதாவது 98 மாதச் சம்பளம். பணம் சம்பளத்தைவிட வருடத்துக்கு ஒரு சதவீதம் வேகமாக வளர்ந்தால் சுமார் 116 மாதம். இரண்டு சதவீதம் என்றால் 138. மூன்று என்றால் 166.

இப்போது மறுபக்கம். கடைசியில் உங்கள் பேசிக் 80,000, டி.ஏ. 50 சதவீதம், ஆக மாதம் 1,20,000 என்று வைத்துக்கொள்வோம். யு.பி.எஸ்.ஸில் 40,000, அதன்மேல் நிவாரணம் 20,000, மொத்தம் 60,000. நீங்கள் 80 வயதுவரை இருந்து, உங்களுக்குப் பின் மனைவி எட்டு வருடம் இருந்தால், விலைவாசியோடு ஏறிக்கொண்டே போகும் இந்த வரவை உங்கள் சொந்தப் பணத்திலிருந்து உருவாக்க எவ்வளவு வேண்டும்? விலைவாசியைவிட ஒன்றரை சதவீதம் கூடுதலாக வட்டி கிடைக்கும் என்று வைத்துப் போட்டால் ஏறக்குறைய ஒன்றரைக் கோடி வருகிறது. 125 மாதச் சம்பளம். மொத்தத் தொகையாக 68 அரையாண்டுக்கு 8,16,000 வருகிறதே, அது இன்னும் ஏழு மாதம். ஆக 132.

என்.பி.எஸ். உங்களுக்கு லாபமாக வேண்டும் என்றால் உங்கள் பணம் 34 வருடமும் உங்கள் சம்பளத்தைவிட வருடத்துக்கு ஒன்றே முக்கால் சதவீதம் வேகமாக வளர வேண்டும். 'சம்பளத்தைவிட' என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். பணம் ஒன்பது சதவீதம் வளர்ந்ததே என்பார்கள். சம்பளமும் சும்மா நிற்கவில்லையே. மூன்று சதவீத இன்கிரிமென்ட், வருடத்துக்கு இரண்டு முறை டி.ஏ., இடையில் பதவி உயர்வு, பத்து வருடத்துக்கு ஒருமுறை சம்பளக் கமிஷன். எல்லாம் சேர்ந்தால் அதுவும் எட்டு, ஒன்பது சதவீதத்தைத் தொடும். நீங்கள் எதையும் தேர்ந்தெடுக்காவிட்டால் பணம் போவது, பொதுத்துறை நிதி நிறுவனங்கள் மூன்றும் பங்குகளில் ஒரு வரம்புக்குள் மட்டும் போட்டு நடத்தும் இயல்பான முறைக்கு; அதை வைத்துக்கொண்டு அந்தச் சம்பளத்தை முந்துவது சிரமம். முந்த வேண்டும் என்றால் பங்கு அதிகமுள்ள வகைக்கு மாற வேண்டும். எல்.சி. 50 என்ற வகையில் 35 வயதுவரை பாதி பங்கில் இருக்கும், அப்புறம் வருடா வருடம் இறங்கி 55-ல் பத்து சதவீதத்துக்கு வந்துவிடும். உங்கள் கணக்கில் பணம் குறைவாக இருக்கும்போது பங்கு அதிகம், பணம் நிறைய இருக்கும்போது பங்கு குறைவு. நண்பன் நினைக்கும் பங்குச் சந்தை லாபம் பாதி வழியிலேயே இறங்கிக்கொள்கிறது.

அதே கணக்கை வேறு வயதுக்குப் போட்டால்தான் யு.பி.எஸ்.ஸின் சூட்சுமம் தெரிகிறது. என் அலுவலகத்தில் ஒருவர் 35 வயதில் சேர்ந்தார். அவருக்கு 25 வருடம்தான். என்.பி.எஸ்.ஸில் சம்பள வேகத்திலேயே பணம் வளர்ந்தால் 72 மாதம் சேரும், மூன்று சதவீதம் கூடுதலாக வளர்ந்தால்கூட 105 மாதம். யு.பி.எஸ். அவருக்கும் அதே பாதி பேசிக் தருகிறது. அவர் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடலாம். ஆனால் 21 வயதில் சேர்ந்து 39 வருடம் கட்டுகிறவருக்கும் அதே பாதிதான். 25-க்கு மேல் உழைத்த பதினான்கு வருடம் அந்தச் சதவீதத்தை ஒரு புள்ளிகூட ஏற்றாது. சின்ன வயதில் சேர்ந்தவர்களின் பணத்தில்தான் தாமதமாகச் சேர்ந்தவர்களின் பென்ஷன் ஓடப்போகிறது என்பது என் கருத்து. நீங்கள் நடுவில் இருக்கிறீர்கள், கொஞ்சம் அந்த இளையவர் பக்கமாக.

இது போக எல்லோரும் கேட்கும் ஒரு கேள்வி: மொத்தமாகப் பணம் வேண்டும், யு.பி.எஸ்.ஸில் அது வராதே? வரும். உங்கள் தனிக்கணக்கில் இருப்பதில் 60 சதவீதம்வரை எடுக்கலாம், மாதத் தொகை அதே விகிதத்தில் குறையும். மேலே சொன்ன உதாரணத்தில் பணம் சம்பள வேகத்திலேயே வளர்ந்தது என்று வைத்தால், என்.பி.எஸ்.ஸில் கையில் 70 லட்சமும் மாதம் 25,000-மும் வரும் (ஆன்யுட்டி ஆறரை சதவீதம் என்ற கணக்கில்). யு.பி.எஸ்.ஸில் முழுசாக 60 சதவீதத்தை எடுத்தால் கையில் 59 லட்சம், அதோடு அந்த 8,16,000, மாதம் 24,000. முதலாவதில் 25,000 அப்படியே நிற்கும், ஆனால் ஆன்யுட்டிக்குப் போட்ட 47 லட்சம் பிள்ளைகளுக்குப் போகும். இரண்டாவதில் 24,000 டி.ஏ. ஏற ஏற ஏறும், பிள்ளைகளுக்கு ஒன்றும் இல்லை. கிட்டத்தட்ட எதிரெதிர்த் தட்டில் சமமாக நிற்கிறது பாருங்கள்.

பிள்ளைகளுக்கு ஒன்றும் இல்லை என்பதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். யு.பி.எஸ்.ஸில் குடும்பத் தொகை, ஓய்வு பெறும் நாளில் சட்டப்படி மனைவியாகவோ கணவராகவோ இருப்பவருக்கு மட்டும். அவருக்குப் பின் மகனுக்கோ மகளுக்கோ, அம்மாவுக்கோ கிடையாது. உங்கள் கணக்கில் இருந்த பணமும் ஓய்வன்று பொதுத் தொகுப்புக்குள் போய்விடுகிறது. என் பக்கத்து இருக்கைக்காரர் மகனுக்கு மூளை வளர்ச்சிக் குறைபாடு. பழைய பென்ஷனில் அப்படிப்பட்ட பிள்ளைக்கு ஆயுள் முழுக்கக் குடும்ப ஓய்வூதியம் உண்டு. யு.பி.எஸ்.ஸில் அது இல்லை. கணக்கில் எது லாபம் என்று பார்க்கவே இல்லை அவர், என்.பி.எஸ்.ஸிலேயே இருந்துகொண்டார். சரியான முடிவு. கல்யாணமே வேண்டாம் என்று இருக்கிறவர்களுக்கும் இதே யோசனைதான். 62-ல் கண்ணை மூடினால் 34 வருடச் சேமிப்பு அத்தோடு சரி.

அப்பாவுக்கும் ஒன்று சொல்லுங்கள். யு.பி.எஸ். அவருடைய பென்ஷன் இல்லை. அவர் சம்பளத்திலிருந்து பென்ஷனுக்காக எதுவும் பிடிக்கவில்லை. பத்து வருடப் பணி இருந்தாலே அவருக்குப் பாதி. ஜி.பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) தனியாக இருந்தது. 80 வயதானால் 20 சதவீதம் கூடும். சம்பளக் கமிஷன் வரும்போதெல்லாம் அவர் பென்ஷனும் திருத்தப்பட்டது. யு.பி.எஸ். விதியில் எழுதியிருப்பது அகவிலை நிவாரணம் மட்டும்தான்.

இப்போது குரூப் ஒன்னுக்கு வருகிறேன். நீங்கள் தேர்வாகி மாநில அரசுக்குப் போனால் இங்கே ராஜினாமா. ராஜினாமா, டிஸ்மிஸ் இரண்டுக்கும் யு.பி.எஸ். கிடையாது. ஆறு வருடம் அதில் இருந்திருந்தாலும் அந்த வாக்குறுதி உங்களுக்கு இல்லை. இங்கே எட்டு, பத்து வருடம் இருந்துவிட்டு வெளியே போகத்தான் போகிறேன் என்பவர் என்.பி.எஸ். எடுப்பது நேரான வழி: 14 சதவீதம் முழுசாகத் தன் பெயரில் சேரும், பிரான் எண்ணும் (ஓய்வூதியக் கணக்கின் நிரந்தர எண்) கூடவே வரும். யு.பி.எஸ்.சி. எழுதி வேறு மத்திய அரசுப் பதவிக்குப் போவது என்றால் முறைப்படி துறையின் அனுமதியோடு விண்ணப்பித்துப் போங்கள், பணிக்காலம் அறுந்துபோகாது. விருப்ப ஓய்வு யோசனை இருப்பவர்களுக்கும் ஒரு எச்சரிக்கை: யு.பி.எஸ்.ஸில் 48 வயதில் வெளியே வந்தாலும் மாதத் தொகை தொடங்குவது 60 வயதில்தான். நடுவில் பன்னிரண்டு வருடம் சொந்தச் செலவு.

ஆனால் உங்கள் குரூப் ஒன் உறுதியான திட்டமா, ஆசையா? ஆசை என்றால் நான் யு.பி.எஸ். எடுக்கச் சொல்வேன். காரணம் மேலே போட்ட கணக்கு மட்டும் இல்லை. இந்த இரண்டு கதவில் ஒன்றுக்குத்தான் உள்பக்கமும் கைப்பிடி இருக்கிறது. முப்பது நாள் தாண்டிவிட்டால் என்.பி.எஸ்.ஸிலிருந்து யு.பி.எஸ்.ஸுக்கு வர முடியாது. எழுதிக் கொடுக்காமல் விட்டாலும் என்.பி.எஸ்.தான். ஆனால் யு.பி.எஸ்.ஸிலிருந்து என்.பி.எஸ்.ஸுக்கு ஒரே ஒருமுறை போகலாம் என்று 2025 ஆகஸ்ட்டில் உத்தரவு வந்தது. ஓய்வுக்கு ஒரு வருடம் முன்புவரை போகலாம், விருப்ப ஓய்வு என்றால் மூன்று மாதம் முன்புவரை. ஒழுங்கு நடவடிக்கை நடந்துகொண்டிருந்தால் முடியாது. அப்படிப் போகும்போது அரசு 14-க்குப் பதில் பத்து என்று குறைத்துப் போட்ட அந்த நான்கு சதவீதத்தையும், இயல்பான முறையில் முதலீடு செய்திருந்தால் எவ்வளவாகியிருக்குமோ அவ்வளவாகக் கணக்கிட்டு உங்கள் கணக்கில் சேர்ப்பார்கள்.

இதன் பொருள் என்ன? 59 வயதில், மனைவி இருக்கிறாரா, உடம்பு எப்படி இருக்கிறது, பிள்ளைக்கு என்ன நிலைமை, கணக்கில் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று எல்லாம் தெரிந்தபின் முடிவெடுக்கலாம். 26-ல் எடுக்கும் முடிவு அதற்கு ஈடாகாது. அதற்கு நீங்கள் கொடுக்கும் விலை, அந்த நான்கு சதவீதத்தைப் பங்கு அதிகமுள்ள வகையில் போட முடியாமல் போவது மட்டும்தான். நான் அதனால்தான் கடைசி வாரத்தில் யு.பி.எஸ்.ஸுக்குக் கையெழுத்துப் போட்டேன். 34 வருடத்தில் அந்த உத்தரவை மாற்ற மாட்டார்களா என்றால், மாற்றலாம். பென்ஷன் விதி எதையும் மாற்றலாம் என்பதை 2004 ஜனவரி 1-க்குப் பிறகு சேர்ந்த நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மாற்றப்போகிறார்கள் என்று சுற்றறிக்கை வந்தால் அன்றைக்கு உட்கார்ந்து யோசியுங்கள். குரூப் ஒன் கிடைத்துவிட்டால், ராஜினாமாக் கடிதத்துக்கு முன்பே மாறும் படிவத்தைப் பற்றிக் கணக்குப் பிரிவில் பேசிவிடுங்கள்.

யு.பி.எஸ். எடுத்தால் ஒரு வீட்டுப்பாடம் இருக்கிறது. பாதி பேசிக் என்பது உங்கள் கணக்கில் ஒரு அளவுகோல் தொகை இருந்தால்தான் முழுசாக வரும். மாதம் தவறாமல் பணம் வரவாகி, இயல்பான முறையில் முதலீடாகி, நடுவில் எடுக்காமல் இருந்தால் எவ்வளவு இருக்குமோ அதுதான் அளவுகோல். உங்கள் கணக்கு அதைவிடக் குறைந்தால் மாதத் தொகையும் குறையும், கூடியிருந்தால் மிச்சம் உங்களுக்கு. வீடு, கல்யாணம் என்று நடுவில் எடுக்கலாம் (நீங்கள் கட்டியதில் கால்பங்குவரை, மொத்தம் மூன்று முறை), ஆனால் திருப்பிக் கட்டாவிட்டால் ஓய்வன்று கழித்துக்கொள்வார்கள்.

வரவு தவறுவது நடக்காத விஷயம் இல்லை. நான் முதலில் சேர்ந்த அலுவலகத்தில் எனக்குப் பிரான் எண் வாங்கவே எட்டு மாதம் ஆக்கினார்கள். சம்பளத்தில் மட்டும் முதல் மாதத்திலிருந்தே பிடித்தார்கள். அந்த எட்டு மாதப் பணத்தைக் கணக்கில் ஏற்ற நான் எழுதிய கடிதங்களை ஒரு கோப்பாகவே வைத்திருக்கிறேன். அதனால் மூன்றாவது மாதச் சம்பளம் வந்ததும் பிரான் கணக்கில் நுழைந்து, உங்கள் பத்தும் அரசின் பத்தும் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் வருடத்துக்கு ஒருமுறை.

படிவம் கொடுக்கும் அன்றே இன்னும் இரண்டைக் கொடுத்துவிடுங்கள். ஒன்று நாமினி: இப்போது அம்மா அல்லது அப்பா பெயர், கல்யாணம் ஆனதும் மாற்றி எழுத வேண்டும். மற்றது, பணியில் இருக்கும்போது ஏதாவது ஆகிவிட்டால் எந்த முறையில் பலன் வேண்டும் என்று கேட்கும் படிவம். அதில் பழைய பென்ஷன் விதி என்பதைக் குறியுங்கள். சில வருடமே பணி செய்தவர் குடும்பத்துக்குக் கணக்கில் சேர்ந்த சொற்பத்தைவிட அது பல மடங்கு மேல்.

மூன்று வாரம் ஆகிவிட்டது என்கிறீர்கள், மிச்சம் ஒன்பது நாள். முப்பதாவது நாள் ஞாயிற்றுக்கிழமையாக இருக்கிறதா என்று காலண்டரைப் பாருங்கள். படிவத்தின் நகலில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். ஒப்புகை இல்லாமல் கொடுத்த தபால் என்ன ஆகும் என்று உங்கள் கவுண்டரில் இருக்கிறவர்களைக் கேட்டாலே சொல்வார்கள்.